மணல் இல்லாத கருவாட்டுக்கு வேறு விலையா?

தம்பி, கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன் என்று ஆரம்பித்திருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நான் காசிமேட்டுப் பெண். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இப்போது கிசுமுவில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை.

ஹோமா பே பக்கம் ஒரு கிராமத்துக்கு ஆறு வாரம் தன்னார்வலராகப் போகிறாய், அங்கே குழந்தைகள் இல்லத்தில் இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும், அதற்கு ஏஜென்சிக்கு நீ ஒரு லட்சத்து எண்பதாயிரம் கட்ட வேண்டும். இதுதானே? சாப்பாடு எப்படி, துணிமணி என்ன, பாதுகாப்பா, திரும்பி வந்தால் வேலைக்கு உதவுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே படாதே. மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலி, சுகுமா என்கிற கீரை, மீன். காலையில் கேழ்வரகுக் கூழ் கிடைக்கும், இந்தப் பக்கத்து லுவோ மக்கள் அதை நியூகா என்பார்கள். ஆடி மாசம் அம்மன் கோயில் வாசலில் ஊற்றுகிற அதே கூழ்தான், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம்தான் இருக்காது. (கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நம் பக்கம் வந்த தானியம். யாருடைய கூழை யார் குடிக்கிறோமோ!) துணி, பருத்தியில் நாலு செட் போதும். பாதுகாப்பு, ராத்திரி பதினொரு மணிக்கு மின்ட் பஸ் ஸ்டாண்டில் எப்படி நிற்பாயோ அப்படி நில். வேலைக்கு உதவும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மட்டும் வராதே.

நீ கேட்காத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைகள் இல்லம்.

இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருப்பார்கள். வறுமை. இங்கே விட்டால் மூன்று வேளை சோறு, பள்ளிக்கூடம் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். நீ கட்டுகிற மாதிரி வெளிநாட்டுக்காரன் பணம் கட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் கட்டில் காலியாகாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். கென்ய அரசே 2017-இல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது என்றால் யோசித்துப் பார். ஆறு வாரம் நீ அந்தப் பிள்ளைகளை முதுகில் தூக்கிக்கொண்டு திரிவாய், கடைசி நாள் கட்டிப்பிடித்து அழுவாய், அடுத்த திங்கட்கிழமை இன்னொரு அண்ணன் வந்து இறங்குவான். அப்புறம் இங்கிலீஷ்! இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று இங்கிலீஷ். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உன்னைத் திருத்தும். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமல் ஊரில் உட்கார்ந்திருக்கிற பெண்களை எனக்கே தெரியும்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. நாம் எந்த ஊர்க்காரர்கள் என்று உனக்கு ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26. நான் பிளஸ் டூ. அலை வந்து போன பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். மூன்றாம் நாளிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூட்டையைப் பிரித்தால் ஸ்வெட்டர். காசிமேட்டில் ஸ்வெட்டர்! ஒற்றைச் செருப்பு, ஜிப் போன பேன்ட். ரோட்டோரம் குவிந்து கிடந்ததை மாடுகூட முகர்ந்து பார்க்கவில்லை. ஒரு அண்ணன் என் கையில் பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். போட்டோவில் பேனர் விழவில்லையாம். குடத்தைத் திரும்ப வாங்கி, இன்னொரு தடவை கொடுத்தார். "இப்படித் திரும்பி நின்னு வாங்கும்மா." என் அம்மா முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அந்தக் குடம் ரொம்ப வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது. மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் முதலில் வரிசையில் போய் உட்காருவது அதுதான்.

2015 வெள்ளத்திலும் அப்படித்தான், 2023-இல் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோதும் அப்படித்தான் என்று வீட்டில் சொன்னார்கள். வாங்குகிற பக்கம் நின்ற அனுபவம் நமக்கு உண்டு. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு ஃபிளைட் ஏறாதே. நான் அப்படித்தான் ஏறினேன். வந்த இரண்டாவது வாரம், மூக்கொழுகிக்கொண்டு நின்ற ஒரு குழந்தையைப் படம் எடுத்தேன். அதன் பாட்டி வந்து, "இதை எவ்வளவுக்கு விற்பாய்?" என்று கேட்டாள். கிண்டலா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் வந்தது 2010 மார்ச்சில். விலங்கியல் படித்தவள், கருவாடு காயவைக்கிற குடும்பம். இங்கே ஓமேனா என்று ஒரு பொடி மீன் உண்டு, நம்ம நெத்திலி அளவு, வெள்ளி மாதிரி மினுங்கும். நிலா இல்லாத ராத்திரியில் விளக்கு கட்டிப் பிடிப்பார்கள். விடிந்ததும் பெண்கள் வாங்கிப் பழைய வலையை மணலில் விரித்து அதன்மேல் காயப்போடுவார்கள். மழை பிடித்தால் போச்சு, கோழித் தீவனத்துக்குத்தான் போகும். அந்தப் பெண்களுக்குச் சுத்தமாகக் காயவைக்கச் சொல்லிக்கொடுக்க என்னை ஆறு மாசத்துக்கு அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, இதற்காகவே பிறந்தேன் என்று நினைப்பு.

வந்து பார்த்தால், ஓமேனாவுக்கு ஏப்ரலிலிருந்து ஜூலை வரை மீன்பிடித் தடை! நம்மூரில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் போட் கடலுக்குப் போகாதே, அதே மாதிரி. காசிமேட்டில் ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும் தடைக்காலத்தில் கருவாட்டுக்காரிக்கு வேலை இல்லை என்று. ஏசி ரூமில் உட்கார்ந்து தேதி போட்டவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் கூட்டமும் அழகுதான். "சா ம்பிலி" மணிக்கு வா என்றார்கள். ம்பிலி என்றால் இரண்டு என்று எண் பாடத்தில் படித்திருந்தேன், மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நின்றேன். சுவாஹிலியில் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், நம்ம பெரியவர்கள் நாழிகை எண்ணின மாதிரி. சா ம்பிலி என்றால் காலை எட்டு. காலையிலிருந்து காத்திருந்துவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சும்மா இருக்கக் கூடாது என்று தைல மரக் கம்பு, கம்பி வலை வாங்கிப் பன்னிரண்டு பரண் கட்டினேன். இடுப்பு உயரம். தரையில் படாது, மணல் ஒட்டாது, காற்று கீழேயும் போகும். பார்க்க ஜோர். ஆனால் ஏரிக்கரையில் கரைக்குக் கரை ஒரு நிர்வாகக் குழு உண்டு, நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. அவர்களைக் கேட்காமல் ஒரு குச்சி நடக்கூடாது. நட்டுவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினால், ஆகஸ்டில் மீன் வந்தபோது பெண்கள் பழையபடி மணலிலேயே கொட்டினார்கள். என் பரணில் துணி காய்ந்தது. ஒரு பரண்மேல் ஆட்டுக்குட்டி ஏறிப் படுத்திருந்தது.

எனக்கு அழுகை. இவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது என்று அம்மாவிடம் போனில் புலம்பினேன். அம்மா கைநாட்டு. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்: "ஏண்டி, மணல் இல்லாத கருவாட்டுக்கு அங்க யாபாரி வேற வெலை குடுக்கிறானா?"

கொடுக்கவில்லை. அளப்பது தகர டப்பாவில். மணலோடு இருந்தாலும் அதே டப்பா, அதே காசு. பரணில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும், இடம் அதிகம், வேலை அதிகம். அவர்கள் கணக்கு சரி, என் கணக்குத்தான் தப்பு. ஐந்து மாசத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை.

அப்புறம் டவுனில் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல்காரரைப் பிடித்தேன். மனுஷன் ஓமேனாவை மணல் போகக் கழுவிக் கழுவி நொந்து போயிருந்தார். டப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறேன் என்றார். அடுத்த வாரமே ஆட்டுக்குட்டியை இறக்கிவிட்டார்கள். எனக்கு ஆறு மாசம் முடிந்துவிட்டது, கைக்காசு போட்டு இன்னும் மூன்று மாசம் இருந்தேன். அதுதான் இன்று வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள். ஏரியில் இறங்காதே. கடற்கரையில் பிறந்த கால், தண்ணீரைக் கண்டால் நிற்காது, தெரியும். நான் முதல் வாரமே குதித்தேன். கரையோரத் தண்ணீரில் நத்தை இருக்கும், அதிலிருந்து வருகிற புழு தோல் வழியாகவே உள்ளே போகும். பில்ஹார்சியா என்பார்கள். மாசக்கணக்கில் வயிற்றுவலி, ஆளே துவண்டுவிட்டேன். இன்னதென்று கண்டுபிடித்துவிட்டால் பிராசிகுவான்டல் மாத்திரையில் தீர்ந்துவிடும், கண்டுபிடிக்கிற வரைக்கும்தான் பேஜார். மலேரியா கென்யாவிலேயே இந்த ஏரிப் பக்கம்தான் ஜாஸ்தி. கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரியும் படுக்காதே, தடுப்பு மாத்திரைக்குக் கிளம்பும் முன்பே டாக்டரைப் பார். ஊருக்குத் திரும்பி ஒரு மாசம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல். மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், கிளம்ப 10 நாளைக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். அந்த அட்டை இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பினால் ஏர்போர்ட்டிலிருந்தே தனியாகப் பிடித்து வைப்பார்கள். சம்பளம் இல்லாத வேலையும் இங்கே வேலைதான். சுற்றுலா அனுமதியில் வா, பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜென்சி சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடு.

நைரோபியில் நம்மாட்கள் உதவுவார்களா என்று கேட்டிருந்தாய். இட்லி போடுவார்கள். குறை சொல்லக் கூடாது, ஆனால் பத்து வருஷம் இருந்தும் சுவாஹிலியில் ஜம்போ என்கிற வணக்கத்தைத் தாண்டாத ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஏரிப் பக்கமா, ஐயய்யோ என்பார்கள். 1901-இல் ரயில் இந்தக் கிசுமுவைத் தொட்டது, அந்தப் பாதை போட பஞ்சாப் பக்கமிருந்து வந்தவர்கள், பின்னால் கடை வைக்க வந்த குஜராத்திகள், அவர்கள் பிள்ளைகள் பேரன்கள் லுவோக்காரர்களோடு லுவோவிலேயே பேரம் பேசுகிறார்கள். நமக்கு என்ன வந்தது? தெருவில் உன்னை முஹிந்தி என்று கூப்பிடுவார்கள், இந்தியன் என்று அர்த்தம், பணக்காரன் என்றும் அர்த்தம். கொருக்குப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம் என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள். அதற்குக் கோபப்படாதே. என்னை இப்போது நியார் மெட்ராஸ் என்கிறார்கள், மெட்ராஸின் மகள். அந்தப் பேர் வர நாலு வருஷம் ஆனது.

சரி, நீ செய்ய வேண்டியது. ஏஜென்சியிடம் பணம் கட்டும் முன் கேள்: அந்த ஊரில் என்னை வரச்சொன்னது யார், நான் வருகிற மாசத்தில் அங்கே என்ன நடக்கும், எனக்கு முன்னால் வந்தவன் என்ன செய்துவிட்டுப் போனான். பதில் என்ன வந்தது என்று எனக்கு எழுது. குழந்தைகள் இல்லம் தவிர வேறு ஏதாவது என்றால், உனக்குக் கணக்கு எழுதத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாய், கரையில் பெண்கள் சேமிப்புக் குழு ஒன்று வரவு செலவு நோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது, அவர்களிடம் நானே கேட்டுப் பார்க்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

எப்படி வந்தாலும் கிசுமுவில் ஒரு வேளை என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ. வரும்போது அரைக் கிலோ புளி வாங்கி வா, கொட்டை எடுத்தது. இங்கே கிடைக்கிற புளியில் மீன் குழம்பு கறுத்துப்போகிறது.