கையெழுத்துக்கு முன்னாடி விசாவப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏனுங்க வக்கீல் சார், என்ற பொண்ணு டல்லாஸ்ல இருக்குது. கண்ணாலமாகி நாலு வருசம், மாப்பிள்ளைக்கு எச்1பி (வேலை விசா), இதுக்கு எச்4 (அவரு சம்சாரம்ங்கறதால கெடச்ச விசா). ஒத்துவரல, ஒரு வருசத்துக்கு மேல தனித்தனியாத்தான் இருக்கறாங்க. சம்மந்தி வீட்டுல "ஈரோட்டு கோர்ட்லயே சட்டுபுட்டுன்னு வாங்கிப்போடலாம், அமெரிக்கா கோர்ட்டுன்னா டாலர்ல செலவு"ங்கறாங்க. பொண்ணு அங்க வேலைக்குப் போயிட்டிருக்குது, விட்டுட்டு வர மாட்டேங்குது. இங்க டிவோர்ஸ் வாங்குனா அங்க ஏதாச்சும் ஆகுமாங்க?
– கோபிச்செட்டிபாளையத்துல இருந்து ஒரு அம்மா

பதில்: ஆகுமுங்க, நல்லாவே ஆகும். எச்4ங்கறது சொந்தக் கால்ல நிக்கற விசா இல்லீங்க, பந்தல்ல படர்ற பொடலங்காக் கொடியாட்ட. ஈரோட்டுல வாங்குனாலும் டல்லாஸ்ல வாங்குனாலும் டிவோர்ஸ் டிவோர்ஸ்தான், தீர்ப்பு முடிவான தேதியோட எச்4 போச்சு. பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் இன்னும் ரெண்டு வருசத்துக்கு இருக்குதே, ஐ-94ல (எதுவரைக்கும் அங்க இருக்கலாம்ங்கற அமெரிக்கப் பதிவு) தேதி தள்ளி இருக்குதேன்னா அதெல்லாம் உதவாது. ஐடில வேலை போனா 60 நாள் டைம் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது வேலை போனவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும்தான், டிவோர்சுக்கு அந்த 60 நாள் கிடையாது. பொண்ணு எச்4ஐ வெச்சு வாங்குன ஒர்க் பர்மிட்ல வேலைக்குப் போகுதுன்னா (2015ல வந்த ரூல் அது) அந்த வேலையும் அதோட சேந்து நின்னு போகும்.

அதனால முதல்ல பொண்ணுக்கு சொந்தமா ஒரு ஸ்டேட்டஸ், அப்பறந்தான் தீர்ப்பு. அதோட கம்பெனியே எச்1பி போடுமான்னு கேக்கச் சொல்லுங்க, ஆனா அது மார்ச்ல குலுக்கல்ல பேர் விழுந்து அக்டோபர்லதான் ஆரம்பமாகும். இல்லாட்டி படிக்கப் போற எஃப்-1, அதுவும் இல்லாட்டி கொஞ்ச நாளைக்கு சுத்திப்பாக்கற பி-2, ஐ-539 ஃபாரம் போட்டு மாத்திக்கலாம், ஆனா தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே போட்டிருக்கோணும். நம்ம சட்டத்துல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட டிவோர்சுக்கு ஒரு வருசம் பிரிஞ்சிருக்கோணும், மனு போட்ட பொறகு ஆறு மாசம் காத்திருக்கோணும், அந்த ஆறு மாசத்த கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லிப்போட்டதுல இருந்து எல்லாரும் அதைத்தான் கேட்டு அவசரப்படறாங்க. உங்க பொண்ணுக்கு அந்த ஆறு மாசந்தானுங்க பொக்கிசம், அதப் போயி தள்ளுபடி பண்ணச் சொல்லாதீங்க.

இன்னொண்ணு, மாப்பிள்ளை கம்பெனி மூலமா கிரீன் கார்டு போட்டிருக்காரா, பொண்ணு பேரும் அதுல இருக்குதான்னு பாருங்க. பொண்ணு கைக்கு கார்டு வந்த பொறகு டிவோர்ஸ்னா கார்டு அதோடது. வர்றதுக்கு முன்னாடின்னா லிஸ்ட்ல இருந்து பேர் போயிரும். அடி உதை இருந்திருந்தா அதையும் மறைக்காதீங்க, கொடுமைக்கு ஆளான எச்4 பொண்ணுகளுக்குன்னே தனியா ஒர்க் பர்மிட் இருக்குது, டிவோர்சாகி ரெண்டு வருசத்துக்குள்ள கூட கேக்கலாம்.

அப்பறம், பெரியவங்க முன்னாடி பத்திரத்துல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு "தீத்துக்கறது" நம்ம பக்கம் இன்னும் நடக்குது. அதத் தூக்கிட்டு எந்த எம்பசிக்கும் போகாதீங்க.

கேள்வி: என்ற அக்கா அமெரிக்கா குடியுரிமை இருக்கறவரக் கட்டுச்சு. ரெண்டு வருச கிரீன் கார்டு வந்துச்சு, அதுக்குள்ள டிவோர்ஸ். ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டாத்தான் பத்து வருச கார்டாம், அவரு போட மாட்டேங்கறாரு. ஊருக்கு வந்துர வேண்டியதுதானா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: வர வேண்டியதில்லீங்க. ஐ-751 ஃபாரத்துல அவரு கையெழுத்து இல்லாமயே விலக்கு கேக்கற வழி இருக்குது: நல்ல மனசோட பண்ணுன கண்ணாலம், ஆனா முறிஞ்சு போச்சுன்னு காட்டோணும். சேந்து போட்டாத்தான் கார்டு முடியறதுக்கு முந்தின 90 நாள் கணக்கு, விலக்கு கேக்கறவங்க எப்ப வேணாலும் போடலாம், டிவோர்ஸ் தீர்ப்போட காப்பி வெக்கோணும். போட்டதுக்கு ரசீது வந்தா பழைய கார்டு 48 மாசத்துக்கு நீளும்.

நல்ல மனசுன்னு காட்டறதுதான் வேலை. போன வருசம் ஒரு அப்புச்சி பேத்திக்காக மஞ்சப்பை நெறையா கொண்டாந்தாரு, எடுத்தா மொய் நோட்டு, எண்ணூத்திச் சொச்சம் பேரு, யாரு நூத்தியொண்ணு யாரு ஆயிரத்தியொண்ணுன்னு வரிசையா, கூடவே கண்ணாலச் சடங்கு நடத்தற அருமைக்காரர் சீர் பண்ணுன ஆல்பம். கண்ணாலம் நடந்துதுங்கறதுக்கு அது பக்காங்க, ஆனா ஆபீசர் கேக்கறது கண்ணாலத்துக்கப்பறம் ஒட்டுக்கா வாழ்ந்தீங்களான்னு. ரெண்டு பேர் பேர்லயும் வீட்டு வாடகை அக்ரிமென்ட், ஜாயின்ட் பேங்க் அக்கவுன்ட், சேந்து போட்ட வரிக் கணக்கு, இன்சூரன்ஸ்ல பேரு, இதெல்லாம் மொதல்ல. மொய் நோட்டக் கடைசியா வெச்சுக்கலாம்.

கேள்வி: தம்பி திருப்பூர்ல மெர்ச்சன்டைசர், சம்சாரம் போலந்துக்காரங்க, கண்ணாலம் பண்ணதால ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமக்க இந்தியாவுல தங்கறதுக்குக் குடுக்கற ஆயுள் கார்டு) கெடச்சுது. பையனுக்கு ஆறு வயசு, இங்கயே பொறந்தவன். இப்ப டிவோர்ஸ் கேஸ் நடக்குது. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு ஏக்கர் தோட்டத்த எழுதிக் குடுத்தாவது இங்கயே இருக்க வெக்கலாம்னு அம்மா சொல்றாங்க, பேரனப் பிரிய அவங்களுக்கு வெசனம்.
– திருப்பூர் வாசகர்

பதில்: அம்மா மனசு பெருசுதான், ஆனா தோட்டத்த எழுதாதீங்க, ஓசிஐகாரங்க விவசாய நிலத்த வாங்கவும் முடியாது, தானமா வாங்கிக்கவும் முடியாது. திருப்பூருக்குள்ள வீடுன்னா எழுதலாம், ஆனா வீடு இருந்தா விசா கெடைக்கும்னு நெனச்சுக்காதீங்க.

கார்டு விசயம் என்னன்னா, கண்ணாலம் பதிவு பண்ணி ரெண்டு வருசம் தொடர்ந்து நெலச்சிருந்தாத்தான் மனைவிங்கற முறையில ஓசிஐ தருவாங்க, கோர்ட் அந்தக் கண்ணாலத்தக் கலைச்சுதுன்னா குடியுரிமைச் சட்டத்தோட 7டி பிரிவுல அத ரத்து பண்ணலாம். உடனே இல்ல, 2019 திருத்தத்துக்கப்பறம் அவங்க பக்கத்தக் கேக்காம ரத்து பண்ணக் கூடாது. அதுக்காக நோட்டீஸ் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேண்டாம், வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீசோட இ-எஃப்ஆர்ஆர்ஓ சைட்ல கணக்கு தொறந்து, பையனோட பொறப்பு சான்றிதழ், ஸ்கூல் ஐடி, அவன யாரு பாத்துக்கறதுன்னு கோர்ட் போட்ட ஆர்டர் எல்லாத்தையும் வெச்சு இருக்கறதுக்கு அனுமதி கேக்கோணும். வேலை விசான்னா வருசத்துக்கு 16.25 லட்சம் சம்பளம் காட்டோணும், சில வேலைகளுக்குத்தான் விலக்கு, பனியன் கம்பெனி சம்பளத்துல எட்டறது கஷ்டம். பையன் கவலை வேண்டாம், இங்க பொறந்து, அப்பன் இந்தியன், அம்மா முறையா வந்தவங்க, அதனால அவன் இந்தியக் குடிமகன்தான், பெத்தவங்க பிரிஞ்சாலும் அது மாறாது.

கேள்வி: மனைவி இங்கிலாந்துல நர்ஸ், நான் டிபென்டன்ட் (அவங்க விசாவ நம்பி இருக்கறவன்). இப்ப பிரியறோம். எனக்கு எவ்வளவு நாள்?
– நாமக்கல், பெயர் வேண்டாம்

பதில்: பிரிஞ்சதை ஹோம் ஆபீசுக்கு (அந்த ஊரு விசாவப் பாக்கற உள்துறை) நீங்களே சொல்லோணும். அப்பறம் அவங்க உங்க விசாவச் சுருக்கி லெட்டர் அனுப்புவாங்க, வழக்கமா 60 நாள் விடுவாங்க, அதுக்குள்ள உங்களுக்குன்னு ஸ்பான்சர் பண்ற வேலை புடிக்கோணும், இல்லாட்டி கெளம்போணும். அந்த லெட்டர் இமெயில்ல கூட வரும். விசாவுக்குப் போட்டப்ப ரெண்டு பேருக்கும் சம்சாரத்தோட இமெயிலையே குடுத்திருந்தீங்கன்னா இன்னைக்கு ராத்திரியே விசா அக்கவுன்ட்டுக்குள்ள போயி மாத்திப்போடுங்க.