பொறி பறக்கிறது, தீ பற்றவில்லையே!

கேள்வி: சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் முன்பதிவு செய்த பார்பிக்யூ குழியில், இணையத்தில் வாங்கிய ஃபெரோ கம்பியைக் (சுரண்டினால் பொறி பறக்கும் உலோகக் கம்பி) கொண்டு தீ மூட்டிக் காட்டுவதாக மகனிடம் சொல்லியிருந்தேன். பொறி தாராளமாகப் பறந்தும் காய்ந்த இலைகளும் செய்தித்தாளும் பற்றவே இல்லை. கடைசியில் லைட்டரைத்தான் எடுத்தேன். கம்பி மட்டமானதா? (ஈசூன் வாசகர்)

பதில்: பொறி தாராளமாகப் பறந்தது என்கிறீர்களே, அப்படியானால் கம்பியின் மீது குற்றமில்லை. பொறியின் வெப்பம் ஏறத்தாழ 3,000 டிகிரி செல்சியஸைத் தொடும் என்றாலும் அது ஒரு கணம்தான் நீடிக்கும். அதற்குள் பற்றிக்கொள்ளும் அளவுக்கு மெல்லிய, உலர்ந்த இழை அதன் வழியில் இருக்க வேண்டும். தட்டையான தாளும் முழு இலையும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. தவிரவும், காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் நம் ஊரில், கைக்குச் சருகாகத் தெரியும் இலைக்குள்ளும் ஈரம் ஒளிந்திருக்கும்.

கோயிலில் உடைத்துக் கொண்டுவரும் அர்ச்சனைத் தேங்காயின் குடுமியை எறிந்துவிடாதீர்கள். அதைப் பிய்த்து, உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துத் தேய்த்துக் குருவிக்கூடு போலப் பஞ்சாக்கி, நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து, காற்றுப் புகாத பையில் போட்டுக்கொண்டால் அதைவிட நல்ல பற்றுபொருள் கிடைப்பது அரிது. அதன் நடுவே வாஸ்லின் தடவிய சிறிதளவு பஞ்சை வையுங்கள். பஞ்சு முழுவதையும் வாஸ்லினில் தோய்த்துவிட்டால் பொறி வழுக்கிப் போகும். ஓரத்து இழைகள் வறண்டு, பிரிந்து நிற்க வேண்டும். பொறியைப் பிடிப்பவை அவை. தீயைச் சில நிமிடங்கள் தாங்கி நிறுத்துவது வாஸ்லின்.

கை வேலையிலும் ஒரு சிறு திருத்தம் தேவைப்படலாம். புதுக் கம்பியின் மேலுள்ள கறுப்புப் பூச்சை முதலில் சுரண்டி நீக்குங்கள். பிறகு, சுரண்டியை (கம்பியைச் சுரண்டும் தகட்டை) கம்பியின் மீது வேகமாக இழுப்பதற்குப் பதிலாக, சுரண்டியைப் பஞ்சுக்கு நேர் மேலே அசையாமல் பிடித்துக்கொண்டு, அழுத்தம் கொடுத்துக் கம்பியைப் பின்னுக்கு இழுங்கள். கை முன்னே பாய்ந்து பஞ்சைக் கலைத்துவிடாது, பொறியும் ஒரே இடத்தில் விழும். வேகமாக இழுத்தால் மத்தாப்பு அழகாக இருக்கும், ஆனால் மெதுவாக அழுத்தி இழுக்கும்போது வரும் தடித்த துகள்களே தீ மூட்டும். கத்தியைப் பயன்படுத்துவதானால் அதன் முதுகுப்புறம் போதும்; கூர்ப்பக்கம் வீணாவதுடன் விரலுக்கும் ஆபத்து. குழியில்தான் மூட்டினீர்கள் என்பது சரியான செயல். பூங்காவில் கூடாரம் அடிக்க அனுமதி வாங்கியிருந்தாலும் மணலில் தீ வளர்க்க இங்கே இடமில்லை.

கேள்வி: இதுவும் நம் சிக்கிமுக்கிக் கல்லும் ஒன்றுதானா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: இல்லை. சிக்கிமுக்கியில் கல், எஃகிலிருந்து சிறு துகள்களைச் சீவி எடுக்கிறது. எரிவது அந்த இரும்புத் துகள். அதன் சூடு குறைவு என்பதால் கரித்துணி (கருக்கி எடுத்த துணி) போன்ற, எளிதில் கனலும் பொருள் வேண்டும். ஃபெரோ கம்பியோ, ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்ற உலோகக் கலவையின் வழிவந்தது. அதிலுள்ள சீரியம் என்ற உலோகம், சுரண்டும் சூட்டிலேயே காற்றில் பற்றிக்கொள்ளும்; மென்மையான அந்த உலோகத்துக்குக் கடினத்தைத் தருவது இரும்பு. சிகரெட் லைட்டரின் சிறு சக்கரத்துக்கடியில் இருக்கும் 'கல்'லும் இதே கலவைதான். ஆகவே ஈசூன் வாசகர் அன்று லைட்டரைத் தட்டியபோதும், ஒரு வகையில், ஃபெரோ கம்பியைத்தான் பயன்படுத்தினார்!

கேள்வி: என் கம்பியில் வெண்பொடி பூத்து உதிர்கிறதே? (பிடோக் வாசகர்)

பதில்: ஈரமும் கடற்காற்றின் உப்பும் சீரியத்தை அரிக்கின்றன. பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு, உலரத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோ நகப்பூச்சோ கொடுத்து வையுங்கள். கடற்கரைக்குப் போய்வந்த பையிலேயே அதை விட்டுவைக்க வேண்டாம்.