உயிரணுவின் மேலுள்ள சர்க்கரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மழைக்காலக் காய்ச்சல்களைப் பற்றி எழுதியபோது, கிருமிகள் பலவும் நம் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியை விளக்கச் சொல்லி வடசென்னையிலிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. கேள்விகள் எல்லாமே கேட்கப்பட வேண்டியவை என்பதால் இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (குடும்பத்தலைவி, தண்டையார்பேட்டை): நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து பிள்ளைகளுக்கு டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டேன். பேரப்பிள்ளைகளின் வாயைக் கட்டுகிறேன் என்று மாமியார் கோபித்துக்கொள்கிறார். இனிப்பைக் குறைத்தால் சளியும் காய்ச்சலும் வராமல் இருக்குமா, டாக்டர்?

பதில்: பிள்ளைகளுக்கு இனிப்பைக் குறைப்பது பல்லுக்கும் உடல் எடைக்கும் நல்லது. ஆனால் அதனால் காய்ச்சல் வராமல் இருக்காது, அம்மா. டீயில் போடும் சர்க்கரை வேறு, நான் குறிப்பிட்ட சர்க்கரை வேறு. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் வெளிப்புறத்திலும், புரதங்களோடும் கொழுப்புகளோடும் பிணைந்த சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து படர்ந்திருக்கின்றன. அவற்றை உயிரணுவே தன் நொதிகளைக் கொண்டு கட்டிக்கொள்கிறது. இனிப்பையே தொடாதவருக்கும் அவை இருக்கும், இருந்தாக வேண்டும். இரத்த தானத்தின்போது பார்க்கப்படும் ஏ, பி வகைகளுக்கு இடையிலான வேறுபாடுகூட, சிவப்பணுவின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை அமர்ந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஃப்ளூ வைரஸை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் என்று இரண்டு புரதங்கள் உள்ளன. எச்1என்1 என்ற பெயரிலுள்ள எச்சும் என்னும் இவற்றையே குறிக்கின்றன. முதலாவது புரதம், நம் மூச்சுக்குழாய் அணுக்களின் சங்கிலி நுனியிலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. வைரஸ் உள்ளே சென்று பெருகி வெளிவரும்போது அதே சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றுவிடும் என்பதால், இரண்டாவது புரதம் அந்தச் சியாலிக் அமிலத்தை வெட்டி, புதிய வைரஸ்களை விடுவிக்கிறது. பறவைகளின் குடலில் சியாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு இணைந்திருக்கும் விதமும், மனிதரின் மேல் மூச்சுப்பாதையில் இணைந்திருக்கும் விதமும் வேறுவேறு. பறவைக் காய்ச்சல் மனிதரிடையே எளிதில் பரவாததற்கு இந்தச் சிறு வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். அந்த வேறுபாட்டை வைரஸ் தாண்டிவிடுமோ என்பதைத்தான் உலகெங்கும் ஆய்வாளர்கள் கவலையோடு கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தொற்றுகள் எளிதில் வருவது உண்மைதான். ஆனால் அது இரத்தத்தில் மிகுந்துவிட்ட குளுக்கோஸ் எதிர்ப்பாற்றலைக் குலைப்பதால் நேர்வது. உயிரணுவின் மேலுள்ள சங்கிலிகளால் அல்ல.

கேள்வி (மருந்துக்கடை ஊழியர், ராயபுரம்): பன்றிக் காய்ச்சல் மாத்திரையைப் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்துதான் தயாரிக்கிறார்கள் என்கிறார்களே, அப்படியானால் அன்னாசிப்பூக் கஷாயமே போதாதா என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: போதாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். அன்னாசிப்பூவில் ஷிகிமிக் அமிலம் இருப்பதும், ஓசல்டமிவிர் மருந்தைத் தயாரிக்க அது தொடக்கப் பொருளாக இருப்பதும் உண்மை. ஆனால் அந்த அமிலம் பல வேதிவினைகளைக் கடந்த பிறகே மருந்தாகிறது. கஷாயத்தில் அந்த மருந்து துளியும் இருக்காது.

அந்த மருந்து வேலை செய்யும் விதமும் மேலே சொன்னதோடு தொடர்புடையதே. 1983இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மனும் உடன் பணிபுரிந்தவர்களும் நியூராமினிடேஸின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தார்கள். சியாலிக் அமிலம் வந்து அமரும் குழி எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால், அதே குழியில் இன்னும் இறுக்கமாக அமர்ந்துகொள்ளும் போலிச் சர்க்கரை ஒன்றை மார்க் வான் இட்ஸ்டைன் குழுவினர் வடிவமைத்தார்கள். அதுதான் ஜானமிவிர். அதைப் பின்பற்றி ஓசல்டமிவிர் வந்தது. இரண்டுக்கும் அமெரிக்காவில் 1999இல் அனுமதி கிடைத்தது. எதிரியின் வடிவத்தைப் பார்த்து, அதற்கேற்ப மருந்தைத் திட்டமிட்டுக் கட்ட முடியும் என்று காட்டிய தொடக்ககால வெற்றிகளில் இதுவும் ஒன்று. அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் இம்மருந்தின் பயன் அதிகம். சாதாரண சளிக்கோ டெங்குவுக்கோ இதனால் பயனில்லை. ஆகவே மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, கொருக்குப்பேட்டை): மழைக்குப் பிறகு எங்கள் தெருக் குழாயில் கழிவுநீர் கலந்து வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்தார்கள். எனக்குச் சுகர் இருப்பதால் பயந்துகொண்டு குடிக்கவில்லை. வயிற்றுப்போக்கு மருந்தில் சர்க்கரை எதற்கு?

பதில்: ஐயா, நீங்களும் குடித்திருக்க வேண்டும். இனி ஒருமுறை நேர்ந்தால் தயங்காதீர்கள். இப்போதைய ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே இருக்கிறது. உடலில் நீர் வற்றிப்போவதால் வரும் ஆபத்து இதைவிடப் பன்மடங்கு பெரிது. அந்த நாட்களில் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான நீரிழிவு மாத்திரைகளை எப்படிச் சாப்பிடுவது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை எதற்கு என்ற கேள்விக்கு, காலராவை வைத்துச் சொன்னால் தெளிவாகும். காலராக் கிருமி குடலுக்குள் ஒரு நச்சைச் சுரக்கிறது என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே நிறுவினார். அந்த நச்சு, குடல் அணுவின் மேலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்பின் சர்க்கரைத் தலையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து, உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது. ஆனால் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளிழுக்கும் புரதம் ஒன்று அதே அணுவில் இருக்கிறது. நச்சு அதைக் கெடுப்பதில்லை. வெறும் உப்புநீரைக் குடித்தால் அந்த வழி திறப்பதில்லை. கூடவே குளுக்கோஸ் இருந்தால் சோடியம் உள்ளே போகிறது, அதன் பின்னால் நீரும் போகிறது. நோய் நுழைவதும் ஒரு சர்க்கரையைப் பற்றித்தான், உயிர் பிழைப்பதும் ஒரு சர்க்கரையால்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. 1971இல் வங்கதேச எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். சர்க்கரையைக் கூட்டிப் போட்டால் அது நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கிவிடும். குளிர்பானம் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். நாக்கு வறண்டு, கண் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்துவிட்டால் காத்திருக்காமல் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ சென்றுவிடுங்கள்.

கேள்வி (ஒரு குழந்தையின் தந்தை, வியாசர்பாடி): ஆறு வார ஊசிகளில் சிலவற்றில் கிருமியின் சர்க்கரையை வைத்திருப்பதாகச் செவிலியர் சொன்னார். பச்சிளங்குழந்தைக்கு அது பாதுகாப்பானதா?

பதில்: பாதுகாப்பானது, தவறாமல் போடுங்கள். நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நிமோகாக்கஸ், தன்னைச் சுற்றிச் சர்க்கரையாலான ஓர் உறையைப் போர்த்திக்கொள்கிறது. நம் வெள்ளணுக்களால் அதை எளிதில் விழுங்க முடியாது. உறை சர்க்கரையால் ஆனது என்பதை 1923இல் நியூயார்க்கில் ஹைடல்பெர்கரும் ஏவரியும் கண்டறிந்தார்கள். அந்த உறையையே தடுப்பூசியாகக் கொடுத்தால் பெரியவர்களின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடலோ தனிச் சர்க்கரையை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. எனவே அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுக்கிறார்கள். புரதத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் எதிர்ப்பாற்றல், உடனிருக்கும் சர்க்கரையையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கப்பட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹிப் என்ற கிருமிக்கு எதிரான பகுதி இப்படிப்பட்டது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய வயதுகளில் போடப்படும் நிமோகாக்கஸ் ஊசியும் அவ்வாறே.

தாய்ப்பாலையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதிலுள்ள சில சர்க்கரைச் சங்கிலிகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அவற்றில் சில குடலின் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. சில, குடல் அணுவின் சர்க்கரைபோலத் தோன்றிக் கிருமிகளைத் தம்மேல் ஒட்டவைத்து வெளியேற்றுகின்றன.

கேள்வி (வேதியியல் மாணவி, திருவொற்றியூர்): சர்க்கரைகள் இவ்வளவு முக்கியம் என்றால், அவற்றை அடிப்படையாகக் கொண்ட மருந்துகள் ஏன் குறைவாக இருக்கின்றன? இத்துறையில் ஆய்வுக்குச் செல்ல விரும்புகிறேன்.

பதில்: அவசியம் செல்லுங்கள், தடைகளையும் தெரிந்துகொண்டு செல்லுங்கள். புரதம் என்பது சரமாகத் தொடுத்த பூப்போல ஒரே வரிசையில் அமைவது. அந்த வரிசை மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி எழுதிவைத்த மூலப்படி கிடையாது. ஒரு சர்க்கரையின் பல கார்பன்களிலும் அடுத்த சர்க்கரை இணையலாம், மேலாகவும் கீழாகவும் இணையலாம், கிளையும் விடலாம். வெவ்வேறான மூன்று அமினோ அமிலங்களை 6 வரிசைகளில்தான் கோக்க முடியும்; வெவ்வேறான மூன்று ஆறுகார்பன் சர்க்கரைகளைக் கொண்டோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களைக் கட்டலாம். விரும்பிய ஒன்றை மட்டும் தூய்மையாகப் பெறுவது நெடுங்காலம் மிகக் கடினமாக இருந்தது. 2001இல் பீட்டர் சீபெர்கர் குழுவினர் தானியங்கிக் கருவியால் சங்கிலிகளைத் தொடுத்துக் காட்டியதும், உயிருள்ள அணுக்களின் மேலுள்ள சர்க்கரைகளை அடையாளமிடும் வேதியியலுக்காக 2022இல் கரோலின் பெர்டோஸி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் துறையின் போக்கை மாற்றின.

மருந்தாக்குவதில் வேறு சிக்கல்கள் உண்டு. சர்க்கரைகள் நீரை மிகவும் விரும்புபவை. குடலின் கொழுப்புச் சவ்வை எளிதில் கடப்பதில்லை. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் அமினோ சர்க்கரை வகையைச் சேர்ந்தது. காசநோய்க்கு அதை ஊசியாகவே போட வேண்டியிருந்தது. ஜானமிவிரை மூச்சில் இழுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். தவிர, ஒரு புரதம் ஒரு சர்க்கரையைப் பற்றும் பிடி பொதுவாகத் தளர்வானது. கிருமி ஒரே நேரத்தில் பல இடங்களில் பற்றிக்கொண்டு அந்தக் குறையை ஈடுசெய்கிறது. மருந்தோ பெரும்பாலும் ஒற்றைப் பிடியோடு அதனுடன் போட்டியிட வேண்டும். சிறுநீர்ப்பாதைத் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலைக் கிருமி மேனோஸ் சர்க்கரையைப் பற்றுகிறது என்பது உறுதியான செய்தி. ஆகவே மேனோஸ் பொடியைக் குடித்தால் கிருமி ஏமாறும் என்ற எண்ணம் நியாயமாகவே பட்டது. ஆனால் பிரிட்டனில் 598 பெண்களிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், அந்தப் பொடி மீண்டும் மீண்டும் வரும் தொற்றைக் குறைக்கவில்லை. சோதனைக் குழாயில் பொருந்தியது மனித உடலில் பொருந்துகிறதா என்பதைத் தனியாக நிறுவித்தான் ஆக வேண்டும்.

கேள்வி (காசநோயாளியின் மகள், புளியந்தோப்பு): அம்மாவுக்குக் காசநோய் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அதிலும் சர்க்கரைக்கு எதிரான மருந்து இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. காசநோய்க் கிருமியின் சுவரில் அராபினோஸ் என்ற சர்க்கரை, மனித உடலில் காணப்படாத ஒரு வடிவத்தில் அமைந்திருக்கிறது. கூட்டு மாத்திரையிலுள்ள எத்தாம்பியூட்டால் அந்தச் சர்க்கரையைத் தொடுக்கும் நொதியைத் தடுத்து, கிருமி புதிய சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. அதே சர்க்கரையின் உற்பத்தியை இன்னும் முந்தைய படியிலேயே நிறுத்தும் புதிய மருந்துகளும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. எத்தாம்பியூட்டால் சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கக்கூடும். அம்மாவுக்குப் பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் வேறுபாடு தெரியாமல் போனாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவர் சொல்லாமல் மற்ற மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவருக்கு நீரிழிவு இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.