கல்லூரி ஃபுட்பால் டிக்கெட்: வரிவிலக்கு யாருக்கு உண்டு?

கேள்வி: ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் வசிக்கிறோம். இங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் சீசன் டிக்கெட் வாங்கினோம். கல்லூரி விளையாட்டுக்கு விற்பனை வரி கிடையாது என்றார் நண்பர். பில்லில் வரி இருக்கிறது. நல்ல இருக்கைக்காகக் கட்டிய நன்கொடையையாவது வருமான வரியில் கழிக்க முடியுமா?

பதில்: பில் சரிதான். நண்பர் சொன்னது பாதி உண்மை. மாணவர்களும் ஆசிரியர்களும் மட்டுமே பங்கேற்கும் பள்ளி, கல்லூரி நிகழ்ச்சிகளுக்கு ஃபுளோரிடா சட்டத்தின் 212.04-ஆம் பிரிவு வரிவிலக்கு தருகிறது. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் விளையாட்டுப் போட்டிகளுக்கு இது பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மாநில வரி 6 சதவீதம்: 400 டாலர் டிக்கெட்டுக்கு 24 டாலர். அதோடு மைதானம் இருக்கும் கவுன்ட்டியின் கூடுதல் வரியும் சேரும். வசூலாகும் விற்பனை வரி அந்தப் பல்கலைக்கழகத்திடமே நின்று பெண்கள் விளையாட்டுக்குச் செலவாகிறது. நல்ல ஏற்பாடு, ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டாம்.

நன்கொடை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முன்பு அதில் 80 சதவீதத்தைக் கழிக்கலாம். 2017-இல் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. 2018 முதல் ஒரு டாலர்கூடக் கழிக்க முடியாது. டிக்கெட் வாங்கும் உரிமை நேரடியாகவோ மறைமுகமாகவோ கிடைத்தாலே போதும், கழிவு போய்விடும். டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தாலும் அப்படித்தான். 70½ வயது தாண்டியவர்கள் ஐ.ஆர்.ஏ. என்னும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினாலும், வரியில்லா நன்கொடையாக அது ஏற்கப்படாது. கழிவு வேண்டுமென்றால் இருக்கையோ டிக்கெட் வாங்குவதில் முன்னுரிமை தரும் புள்ளியோ தராத கல்வி உதவித்தொகை நிதிக்குத் தனியாகக் கொடுங்கள். 250 டாலரோ அதற்கு மேலோ என்றால், பதிலுக்கு எதுவும் தரவில்லை என்று எழுதிய ரசீதை, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன் வாங்கி வையுங்கள்.

டிக்கெட்டில் கட்டிய விற்பனை வரிக்கு ஒரு வழி உண்டு. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி இல்லாததால், மத்திய வருமான வரி ரிட்டர்னில் கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும் ஷெட்யூல் ஏ படிவத்தில் விற்பனை வரியைக் காட்டலாம். ஆண்டு முழுக்க எல்லா ரசீதுகளையும் கூட்டிக் கணக்கிட்டால்தான் டிக்கெட் வரி அதில் தனியாகச் சேரும். ரசீதுகளுக்குப் பதிலாக, மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் அட்டவணைத் தொகையை எடுத்தால் இதை மேலே சேர்க்கக் கூடாது. கார், படகு போன்ற பெரிய வாங்குதல்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. பட்டியல் போடாமல் மொத்தமாக எடுக்கும் நிலையான கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கோ இந்தக் கணக்கே தேவையில்லை. 2025-க்கு அது தம்பதிக்கு 31,500 டாலர். வீட்டுக் கடன் வட்டியும் சொத்து வரியும் பெரிதாக இல்லாவிட்டால், நீங்களும் அந்த வரிசையில்தான் இருப்பீர்கள்.