உபுண்டுவில் ஓடுகிறது, விண்டோஸில் முரண்டு பிடிக்கிறது

கேள்வி: சென்சார் அளவுகளை சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு முனை) வழியாக அனுப்பும் சி புரோகிராம். உபுண்டுவில் நன்றாக ஓடுகிறது. விஷுவல் ஸ்டுடியோவில் யூனிஸ்டிடி.ஹெச் என்ற ஹெடர் ஃபைல் இல்லை என்று நிற்கிறது. அதை எடுத்துவிட்டு விண்டோஸ்.ஹெச், அதன் கீழே வின்சாக்2.ஹெச் சேர்த்தேன், எரர் கொட்டுகிறது. எல்லா ஃபைலிலும் இஃப்டெஃப் (ஓஎஸ்ஸுக்கு ஏற்றபடி கோடைச் சேர்க்கும், விலக்கும் வரி) போடுவதுதான் வழியா?
– ஒரு வாசகர், கே.ஆர்.புரம், பெங்களூரு

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் எரரைப் பார்ப்போம். யூனிஸ்டிடி.ஹெச் போசிக்ஸ் சரக்கு, அதாவது யூனிக்ஸ், லினக்ஸ் வகை ஓஎஸ்களின் பொதுத் தரநிலையைச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரோடு வராது. அடுத்து கொட்டுவதற்குக் காரணம் வரிசை. விண்டோஸ்.ஹெச் பழைய வின்சாக்.ஹெச்சைத் தானே இழுத்துக்கொண்டு வரும். பிறகு வின்சாக்2.ஹெச் அதே ஸ்ட்ரக்ட்களை மறுபடி அறிவிக்கும். வின்சாக்2-ஐ மேலே ஏற்றுங்கள், அடங்கிவிடும். லிங்க் செய்யும்போது டபிள்யூஎஸ்2_32.லிப் சேர்க்க மறக்காதீர்கள். முதல் சாக்கெட்டைத் திறப்பதற்கு முன் டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்அப்பை அழைக்க வேண்டும். மூடுவதற்கு குளோஸ் அல்ல, குளோஸ்சாக்கெட்.

இனி இஃப்டெஃப். பிளாட்.ஹெச் என்று சொந்தமாக ஒரு ஹெடர் எழுதுங்கள். அதில் உங்கள் ஃபங்ஷன்களின் அறிவிப்பு மட்டும் இருக்கட்டும். ஓஎஸ் ஹெடர் எதையும் உள்ளே விடாதீர்கள். விட்டால் விண்டோஸ்.ஹெச்சின் மின் (min), மேக்ஸ் (max) மேக்ரோக்கள் (கம்பைலுக்கு முன்பே பெயரை மாற்றி எழுதும் வரையறைகள்) புரோகிராம் முழுக்கப் பரவி, அதே பெயரில் நீங்கள் எழுதிய ஃபங்ஷனைக் கெடுக்கும். செயல்பாட்டை பிளாட்_போசிக்ஸ்.சி, பிளாட்_வின்.சி என இரண்டாகப் பிரித்து, எது கம்பைல் ஆக வேண்டும் என்பதை சிமேக் என்ற பில்ட் கருவியிடம் விடுங்கள். எங்காவது எந்த ஓஎஸ் என்று சோதித்தே ஆக வேண்டுமென்றால் அண்டர்ஸ்கோரோடு தொடங்கும் _வின்32 மேக்ரோவைப் பாருங்கள். பெயரில் 32 இருந்தாலும் 64 பிட்டிலும் அது உண்டு.

கம்பைல் ஆகிவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாத இடங்களும் உண்டு. லினக்ஸின் ஸ்லீப்புக்கு 5 கொடுத்தால் 5 விநாடி. விண்டோஸின் ஸ்லீப்புக்கு 5 மில்லிசெகண்ட். லாங் என்ற முழு எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். சாக்கெட்டில் லாங்கை அப்படியே அனுப்பினால் வேறு ஓஎஸ் ஓடும் மறுமுனையில் குப்பை எண் வரும். எஸ்டிடிஇன்ட்.ஹெச்சின் இன்ட்32_டி போன்ற வகைகளையே பயன்படுத்துங்கள்; சி99 முதல் இருக்கிறது.

கேள்வி: விண்டோஸிலும் மேக்கிலும் கம்பைல் ஆன கோடு, லினக்ஸ் சர்வரில் மட்டும் ஹெடரைக் காணோம் என்கிறது. ஃபைல் அங்கேதான் இருக்கிறது!
– ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: ஃபைல் பெயரில் ஓர் எழுத்து கேப்பிடலாக இருக்கும், இன்க்ளூட் வரியில் சின்னதாக இருக்கும். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் இதைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் விடாது. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள். பாதையில் பின்சாய்வுக் கோடு இருந்தால் முன்சாய்வாக்குங்கள், விண்டோஸ் கம்பைலரும் ஏற்கும்.