பெயரை அட்வைசரிடம் சொல்லலாமா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கிறேன். மாணவர் பத்திரிகையில் நிருபர், ஹாஸ்டலில் ஆர்.ஏ. (அங்கே தங்கி மற்ற மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ரெசிடென்ட் அசிஸ்டன்ட்) வேலையும் உண்டு. ஒரு பேராசிரியர் பாலியல் தொல்லை கொடுத்ததாக ஒரு மாணவி பேட்டி தந்தார். பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பத்திரிகையின் அட்வைசர், "என்னிடம் மட்டுமாவது சொல்" என்கிறார். சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், பல்கலைக்கழகச் சம்பளம் வாங்குகிறவர். டைட்டில் நைன் (கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டையும் பாலியல் தொல்லையையும் தடுக்கும் அமெரிக்கச் சட்டம்) விவகாரம் காதில் விழுந்தால் பல்கலைக்கழகத்தில் அதைக் கவனிக்கும் அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பல கல்லூரிகளில் அவரைப் போன்றவர்களுக்கு உண்டு. பெயர் தெரியாதவரை அவருக்கும் நிம்மதி.

உண்மையில் சிக்கல் உங்கள் ஆர்.ஏ. வேலையில்தான் இருக்கிறது. அதே கட்டாயம் ஆர்.ஏ.க்களுக்கும் பெரும்பாலும் உண்டு, "நிருபராகத்தான் கேட்டேன்" என்று பிரித்துச் சொன்னால் எடுபடுவது சந்தேகமே. நிருபர்களைக் காக்கும் மாநிலச் சட்டங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். மேரிலாந்து 2010-ல் மாணவ நிருபர்களையும் சேர்த்துக்கொண்டது, ஃப்ளோரிடாவிலோ சம்பளத்துக்கோ பிழைப்புக்கோ எழுதுகிறவர்தான் நிருபர். ஆனால் அவை முக்கியமாக நீதிமன்றத்தில் கைகொடுப்பவை, உங்கள் வேலை ஒப்பந்தத்தோடு மோதும்போது அல்ல. அதனால் ஆர்.ஏ. விதிகளை வரி விடாமல் படியுங்கள், மாணவ நிருபர்களுக்குச் சட்ட உதவி செய்ய 1974 முதல் இயங்கும் ஸ்டூடண்ட் பிரஸ் லா சென்டரிடம் கேளுங்கள் (இலவசம்தான்), அந்த மாணவியிடமும் உங்கள் நிலைமையை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அடுத்த பேட்டிக்கு வேறு நிருபர் போவது நல்லது, இதை எடிட்டரிடம் பெயர் சொல்லாமலே ஏற்பாடு செய்யலாம்.

குறிப்புகள், ரெக்கார்டிங் எதுவும் பல்கலைக்கழக மெயிலிலோ டிரைவிலோ இருக்கக் கூடாது, அவர்கள் நினைத்தால் திறந்து பார்க்க முடியும். 1971-ல் மருத்துவமனைப் போராட்டம் ஒன்றின் புகைப்படங்களைத் தேடி, ஸ்டான்ஃபோர்டு டெய்லி என்ற மாணவர் பத்திரிகை அலுவலகத்துக்குள் போலீஸ் வாரண்டோடு நுழைந்து மேசை இழுப்பறை, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் குடைந்தது, கிடைத்ததென்னவோ ஏற்கெனவே அச்சான படங்கள்தான். 1978-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சோதனை செல்லும் என்றே சொன்னது. 1980-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் இந்த மாதிரிச் சோதனைகளுக்குக் கடிவாளம் விழுந்தது. அந்தச் சட்டமும் போலீஸுக்கும் அரசு அதிகாரிகளுக்கும்தான், தனியார் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு இல்லை.

அப்புறம், பெயரை மறைத்துவிட்டு "அந்த லேபில் இருந்த ஒரே முதலாண்டு மாணவி" என்று எழுதிவைக்காதீர்கள். அந்தப் பேராசிரியரே படிப்பார் என்று நினைத்து வரைவைத் திருத்துங்கள்.