அப்பாவின் நாதஸ்வரக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிப் பட்டியல் போட எந்த மென்பொருள் நல்லது?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 78 வயது, ஏறக்குறைய 300 கேசட், பெரும்பாலும் நாதஸ்வரமும் திருச்சி வானொலியில் பிடித்த கச்சேரிகளும். மென்பொருள் பெயர் மட்டும் போதும் என்றால் இதோ: ஒலியை ஏற்ற ஆடாசிட்டி, விவரம் எழுத லிப்ரே ஆபிஸ் கால்க், எழுதியதைக் கோப்புக்குள் ஏற்ற எம்பி3டேக், தேடிக் கேட்க ஃபூபார்2000. விண்டோஸில் நான்குக்கும் காசு கிடையாது. ஆனால் இந்த நான்கும் சேர்ந்தாலும் உங்கள் வேலையில் கால்வாசிதான் முடியும். மிச்சம் உங்கள் அப்பாவிடம் இருக்கிறது. அவர் இருக்கிறார் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பா 212 கேசட் வைத்திருந்தார். கோயில் புறப்பாடு, சொந்தக்காரர் கல்யாணம் என்று எங்கே நாயனம் வாசித்தாலும் வானொலியும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு கேசட்டின் அட்டையிலும் யார் வாசித்தது, யார் தவில், எந்த ஊர், என்ன ராகம் என்று இங்க் பேனாவால் பொடிப்பொடியாக எழுதுவார். 2015இல் காலமானார். அந்தக் கேசட்டுகளை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மர அலமாரியிலேயே விட்டுவைத்தேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. ஓடு பறந்து, அலமாரிக்குள் மழைத் தண்ணீர் இறங்கியது. கேசட் நாடா பாலியஸ்டர், தண்ணீரில் நனைந்ததற்காக உடனே வீணாகிவிடாது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் பல நாள் உலர்த்தி, பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிட்டேன். இங்க் கரைந்துபோனது. அறுபதுக்கு மேற்பட்ட அட்டைகளில் ஊதா நிறக் கறை மட்டும் இருந்தது. சத்தம் பத்திரமாக இருக்கிறது, அது யாருடைய சத்தம் என்று சொல்ல ஆள் இல்லை. என் கைக்கு வந்தது அப்படி ஒரு தொகுப்பு.

அதனால் என் முதல் யோசனை, இன்றைக்கே எல்லா அட்டையையும் இருபக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கேசட்டின் பிளாஸ்டிக் உடம்பிலும் அழியாத மார்க்கரால் எண் போடுங்கள், 001இலிருந்து. அந்த எண் கடைசிவரை மாறக் கூடாது. கோப்பின் பெயரும் அந்த எண்ணாகவே இருக்கட்டும்: கேசட் எண், பக்கம், உருப்படி எண், அவ்வளவுதான். கோப்புப் பெயரில் ராகத்தையும் வித்வான் பெயரையும் எழுதினால், பின்னால் ராகம் தப்பு என்று தெரிய வரும்போது பெயரை மாற்றுவீர்கள், மாற்றியதும் பட்டியலுக்கும் கோப்புக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்.

அடுத்து, தானாக விவரம் தேடித் தரும் வசதி. பாட்டைக் கேட்டோ கோப்பின் பெயரைப் பார்த்தோ ‘இது இன்ன ஆல்பம்’ என்று நிரப்பிக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. கடையில் வாங்கிய சிடிக்கு இது நன்றாகவே உதவும். மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தில் கர்நாடக இசை உருப்படிகளுக்கு ராகம், தாளம் குறிக்கக்கூட இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டுப் பதிவு உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. ஆரம்பத்தில் இது புரியாமல் நாற்பது கேசட் கோப்புகளை மொத்தமாக அப்படி ஒரு மென்பொருளிடம் கொடுத்து, வந்ததைச் சரிபார்க்காமல் சேமித்துவிட்டேன். மன்னார்குடி பங்குனித் திருவிழாப் புறப்பாட்டுக்கு ஏதோ வெளிநாட்டு ஆல்பத்தின் பெயரும் அட்டைப் படமும் ஏறியிருந்தன. பழையபடி கொண்டுவர மூன்று இரவு ஆனது. வீட்டுப் பதிவுகளைத் தனிக் கோப்புறையில் வையுங்கள், தானியங்கித் தேடலை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இந்த மென்பொருள்கள் எல்லாம் ஆல்பம், பாடகர், பாட்டு என்ற மூன்றை வைத்துக் கட்டப்பட்டவை. நாதஸ்வரக் கேசட்டில் ஆல்பம் என்று ஒன்று கிடையாது, நிகழ்ச்சிதான் உண்டு. ஆகவே ஆல்பம் என்ற கட்டத்தில் நான் நிகழ்ச்சியை எழுதுகிறேன்: ‘திருவாரூர், புறப்பாடு’, ‘பெரிய அத்தை கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு’ என்று. ராகத்தை வகை (ஜானர்) என்ற கட்டத்தில் போடுகிறேன். எஃப்எல்ஏசி என்ற, ஒலித் தரம் குறையாத வகைக் கோப்பில் ராகம் என்றே ஒரு கட்டத்தை நாமாக உருவாக்கிக்கொள்ள முடியும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் போனில் உள்ள பாட்டுச் செயலிகள் பலவும் அதைக் காட்டுவதில்லை. வகையைப் பெரும்பாலான செயலிகள் காட்டும். அப்பா நினைவு நாளன்று தோடி மட்டும் கேட்க வேண்டுமென்றால் வகைக்குள் போய்த் தோடியைத் தொட்டால் போதும்.

தவில் வாசித்தவருக்குத் தனிக் கட்டம் கட்டாயம் வையுங்கள். நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றவர்களின் தவிலுக்காகவே கூட்டம் கூடிய மண் இது. அவர்களை ‘பக்கவாத்தியம்’ என்று குறிப்புக்குள் தள்ளினால் பிறகு தேடி எடுக்கவே முடியாது.

பெயர்களை ஒரே மாதிரி எழுதுவதும் முக்கியம். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையை அப்பா டி.என்.ஆர். என்று எழுதுவார், வானொலிக் கேசட்டில் டி.என். ராஜரத்தினம் என்று இருக்கும், கடையில் வாங்கியதில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. மூன்றையும் அப்படியே ஏற்றினால் மென்பொருள் மூன்று ஆள் என்று கணக்கு வைக்கும். நான் ஊர்ப் பெயரோடு முழுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ‘வரிசைப் பெயர்’ என்ற கட்டத்தில் ராஜரத்தினம் பிள்ளை, திருவாவடுதுறை என்று திருப்பி எழுதினேன். இல்லாவிட்டால் பாதிப் பேர் ‘டி’யிலும் மிச்சப் பேர் ‘திரு’விலும் போய்க் குவிந்துவிடுவார்கள். நம் பக்கத்தில் திருவில் தொடங்காத ஊர் எத்தனை?

இனி, என்னை ஒரு வாரம் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் பதினோரு கௌளை உருப்படி இருந்தது எனக்குத் தெரியும், தியாகராஜர் ஆராதனைக் கேசட்டில் அவருடைய பஞ்சரத்தினத்தின் இரண்டாவது கீர்த்தனையே அந்த ராகம்தானே. தேடினால் ஆறுதான் வந்தது. மிச்ச ஐந்தும் கண்ணெதிரே இருக்கின்றன, கௌளை என்றே தெரிகின்றன, தேடலில் மட்டும் வருவதில்லை. கடைசியில் ஒவ்வொரு எழுத்தாக அழித்துப் பார்த்தபோது புரிந்தது. ஆறில் ‘கௌ’ என்பது ஒரே உயிர்மெய். ஐந்தில் ‘கெ’ போட்டு அதன் பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தைத் தட்டியிருக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. மாயாமாளவகௌளை, கேதாரகௌளை, பௌளி என்ற ராகங்கள், நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா என்று நம் பட்டியலில் இந்த எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. ஸ்ரீ ராகத்திலும் இதே கதைதான், ஸகரத்தை வைத்துத் தட்டும் ஸ்ரீ ஒன்று, ஶகரத்தை வைத்துத் தட்டும் ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது.

இதற்கு வழி, ராகப் பெயரைக் கையால் தட்டாதிருப்பதுதான். கால்க்கில் ஒரு தனித் தாளில் எல்லா ராகப் பெயரையும் ஒரே ஒரு முறை சரியாக எழுதி வையுங்கள். ராகக் கட்டத்தில் அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும் அனுமதி கொடுங்கள், செல்லுபடிச் சோதனை என்று அந்த வசதி தரவுப் பட்டியில் இருக்கிறது. ஹரிகாம்போதியா அரிகாம்போதியா, தோடியா அனுமத்தோடியா என்ற குழப்பமும் இதிலேயே தீர்ந்துவிடும். ஓதுவார் பாடிய தேவாரக் கேசட் இருந்தால் பண்ணுக்கு, அதாவது தேவாரத்தின் பழைய ராகப் பெயருக்கு, தனிக் கட்டம் வையுங்கள். தக்கேசி என்று எழுதி, ராகத்தில் காம்போதி என்று போட்டால் இரண்டு வழியிலும் கிடைக்கும்.

ஒலி ஏற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு யுஎஸ்பி ஒலி அட்டை வழியாகக் கணினிக்கு. எம்பி3 ஆக ஏற்றாதீர்கள், எஃப்எல்ஏசி வையுங்கள். 90 நிமிடக் கேசட் ஏறக்குறைய 500 எம்பி வரும், உங்கள் 300 கேசட்டுக்கு 150 ஜிபி. கேசட் ஓடும் நேரம் முழுக்க உட்கார வேண்டும், எல்லாமே 90 நிமிடம் என்றால் மொத்தம் 450 மணி நேரம். தினம் இரண்டு கேசட் என்றால் ஐந்து மாதம். ஓடும்போதே ஆடாசிட்டியில் கன்ட்ரோல் விசையோடு எம் தட்டினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும், அதில் ‘ஆலாபனை’, ‘தனி’ (தவில் மட்டும் வாசிப்பது) என்று எழுதிக்கொண்டே போகலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீதியில் எடுத்த பதிவெல்லாம் பேட்டரியில் எடுத்தது. பேட்டரி இறங்க இறங்கப் பதிவாகும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கும், இன்றைக்கு நல்ல டேப்பில் போட்டால் வேகமாகக் கேட்கும், சுருதி ஏறும். அப்பாவின் 88ஆவது கேசட்டை எங்கள் ஊர் நாதஸ்வர வித்வான் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “இது ரெண்டு கட்டை நாயனம் தம்பி, உங்க டேப்புல ரெண்டரையில கேக்குது” என்றார். கட்டை என்பது சுருதியின் அளவு, அரைக்கட்டைக்கு ஏறக்குறைய ஆறு சதவீத வேகம். ஆடாசிட்டியில் வேகத்தை அந்த அளவு குறைத்ததும் அவர் முகம் மாறியது. அதுவரை யாரென்று தெரியாமல் இருந்த வாசிப்பை, “எங்க பெரியப்பா” என்றார். திருத்தாத மூலக் கோப்பையும் வைத்துக்கொண்டு, எவ்வளவு திருத்தினேன் என்பதைப் பட்டியலில் ஒரு கட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

கறை படிந்த அட்டைகளில் பாதிக்கு மேல் இப்படி மனிதர்களைக் கொண்டுதான் மீட்டேன். சிலவற்றை வாசிப்பே சொல்லிவிடும். எடுத்த எடுப்பில் கம்பீர நாட்டையில் மல்லாரி வந்தால் அது சுவாமி புறப்பாடு, கல்யாணமாக இருக்க முடியாது. மற்றவற்றுக்கு அத்தைதான். 131ஆவது கேசட்டில் கெட்டிமேளத்துக்கு முன்னால் யாரோ ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. நான் அதை இரைச்சல் என்று நினைத்து மெல்லக் குறைத்திருந்தேன். அத்தை காதில் ஹெட்போனை வைத்ததும், “சத்தத்த கூட்டுடா, அது நீதான்டா. என் கல்யாணத்துல ஒன்னை யார்கிட்ட கொடுத்தாலும் நிக்கல” என்றார். நாயனம் யார், தவில் யார், அன்றைக்கு மழை வந்து பந்தல் ஒழுகியது, சாப்பாடு இரண்டாம் பந்தி முடிய நாலு மணி ஆனது, எல்லாவற்றையும் சொன்னார். தேதிக் கட்டத்தில் அவர் கல்யாணத் தேதியைப் போட்டேன். குறைத்த அழுகையைத் திரும்பக் கூட்டினேன்.

அதனால் பட்டியலில் கடைசியாக இரண்டு கட்டம் சேருங்கள்: ‘யார் சொன்னது’, ‘எப்போது சொன்னது’. அப்பா சொன்னதும் அட்டையில் இருந்ததும் நீங்கள் ஊகித்ததும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. நான் ஊகித்து எழுதிய நான்கு ராகங்களை அந்த வித்வான் பிறகு திருத்தினார். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பட்டியல் ஓரளவு நிரம்பியதும் எம்பி3டேக்கில் ‘உரைக் கோப்பிலிருந்து குறிச்சொல்’ என்ற வசதியால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கோப்புகளுக்குள் ஏற்றலாம். முதலில் ஐந்து கோப்பின் நகலில் செய்து பாருங்கள், வரிசை ஒன்று தவறினாலும் எல்லாப் பெயரும் ஒரு படி நகர்ந்துவிடும். பிரதி மூன்று இருக்கட்டும். என்னுடையதில் ஒன்று வீட்டில், ஒன்று திருச்சியில் தங்கை வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். பட்டியலை மட்டும் அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கஜாவுக்குப் பிறகு பல நாள் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை.

மென்பொருள்களை இறக்கி நிறுவ ஒரு மணி நேரம் போதும், அதை ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை அப்பா காபி குடிக்கும் நேரத்தில் முதல் கேசட்டோடு போய் உட்காருங்கள். டேப்பையும் பக்கத்தில் வையுங்கள், போனில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். அவர் ராகத்தைச் சொல்லாமல் அந்த ஊரில் யார் வீட்டில் தங்கினோம் என்று ஆரம்பித்தாலும் நடுவில் நிறுத்தாதீர்கள். அதையும் எழுத ஒரு கட்டம் இருக்கட்டும்.